தினையளவு தெரியும் கண்: தீராத ஊனத்தோடு வாழ்பவருக்கு நன்றியுணர்வு என்றால் என்ன?

என்னைப் பார்க்க வீட்டுக்கு வருபவர்களில் பாதிப் பேர் கிளம்பும்போது ஒரு வாக்கியம் சொல்வார்கள். "உயிரோடயாவது இருக்கியேப்பா, அதுக்கே ஆண்டவனுக்கு நன்றி சொல்லணும்." ஹார்லிக்ஸ் பாட்டிலோ அரை டஜன் ஆப்பிளோ கொண்டுவந்து வைத்தவரிடம் என்ன பதில் பேசுவது? தலையை ஆட்டிவைப்பேன். தலை ஆடுகிறது என்பது என் நிலையில் பெரிய விஷயம்தான். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்காக நான் ஆட்டவில்லை.

11 வருடங்களுக்கு முன் பைக் விபத்தில் கழுத்தின் ஆறாவது எலும்பை ஒட்டித் தண்டுவடம் நசுங்கியது. மருத்துவர்கள் சி6 என்று எழுதுவார்கள். தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு மேல்நோக்கி நிமிரும். மடக்கிய முழங்கையைப் பலம் கொடுத்து நீட்ட முடியாது. விரல்கள் அசையாது. நெஞ்சுக்குக் கீழே எதுவும் கிடையாது. சிறுநீருக்குக் குழாய், படுக்கைக்குக் காற்று மெத்தை, பகலில் சில மணி நேரம் வீல்சேர். இதுதான் ஏற்பாடு.

புதிதாக இந்த நிலைக்கு வந்தவர்களிடமும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரிடமும் "நன்றியுணர்வோடு இருங்கள், மனம் லேசாகும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன, எப்படி என்று யாரும் விளக்குவதில்லை. எனக்கு விளங்கிய வரைக்கும் சொல்கிறேன்.

முதலில், எது நன்றியுணர்வு இல்லை என்பதைப் பார்த்துவிடலாம். குழப்பமே அங்கேதான்.

ஒரு நாளைக்கு எத்தனை உதவி வாங்குகிறேன் என்று ஒருமுறை எண்ண ஆரம்பித்தேன். பல் துலக்க, குழாய் மாற்ற, உடுத்த, தூக்கி உட்காரவைக்க, கண்ணில் விழுந்த முடியை எடுக்க. காலை பத்து மணிக்கே எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது, விட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் கணக்கில் ஏறினால் ராத்திரிக்குள் மனுஷன் கடன்காரனாகத்தான் படுப்பான். கடன்காரனுக்குக் கடன் கொடுத்தவர்மேல் என்ன வரும்? எரிச்சல் வரும். முதல் இரண்டு வருடம் எனக்கு எல்லாவற்றையும் செய்த அம்மாமேல்தான் அதிகம் எரிந்து விழுந்தேன். எனக்கு ஏதோ மனக்கோளாறு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, உளவியலில் நன்றியுணர்வையும் கடன்பட்ட உணர்வையும் இரண்டு வேறு உணர்வுகளாகவே பார்க்கிறார்கள். முன்னது ஆளை நெருங்க வைக்கும். பின்னது கண்ணில் படாமல் ஒதுங்கவைக்கும்.

நம் வீடுகளில் 'நன்றி' என்ற சொல்லே புழங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். அது கூட்டத்தின் கடைசியில் நன்றியுரை சொல்ல, கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்க. கடையில் 'தேங்க்ஸ்' என்போம். அம்மாவிடம் போய் "நன்றி அம்மா" என்றால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். அன்னியப்படுத்திவிட்டான் என்று வருத்தப்பட்டாலும் படுவார். ஆகவே நூறு தடவை நன்றி சொல்வதல்ல நாம் பேசுகிற விஷயம்.

அடுத்தது, "நமக்குக் கீழே இருப்பவர்களை நினைத்துப் பார்" என்கிற வைத்தியம். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தக் 'கீழே இருப்பவன்' நான்தான் என்பது சொல்பவருக்கு உறைப்பதில்லை. என்னைப் பார்த்துவிட்டுப் போய், தன் முட்டிவலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்பவர்கள் உண்டு. நான் யாரைப் பார்ப்பது? மூச்சுக் குழாயோடு கிடப்பவரையா? அவர் யாரைப் பார்ப்பார்? அடுத்தவர் துன்பத்தின்மேல் காலை ஊன்றி வருகிற நிம்மதி நன்றியுணர்வு ஆகாது என்பது என் கட்சி.

சரி, அப்படியானால் எதுதான்?

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது ஒன்றைக் கவனிக்காமல் விட்டோம். அங்கே நன்றி என்பது நாம் திருப்பிச் சொல்லும் வார்த்தை இல்லை. ஒருவர் நமக்குச் செய்த நன்மைக்குத்தான் அந்தப் பெயர். நம் பக்கத்து வேலை 'அறிதல்' மட்டும். அதாவது தெரிந்துகொள்வது, கண்ணில் படுவது.

"தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக்
கொள்வர் பயன்தெரி வார்."

தினையளவு உதவியையும் பனையளவாகக் கொள்வார்களாம். யார்? ரொம்பப் பணிவானவர்கள் என்றோ நல்ல மனசுக்காரர்கள் என்றோ குறள் சொல்லவில்லை. 'பயன் தெரிவார்' என்கிறது. அந்த உதவி எதற்கு ஆகிறது என்று துல்லியமாகத் தெரிந்தவர்கள். என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. எங்களுக்கு ஒவ்வொரு தினையின் பயனும் தெரியும், வேறு வழியே இல்லை.

இதற்கு என் கையையே உதாரணம் சொல்கிறேன். மருத்துவமனையிலிருந்து வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தினமும் வந்து, மடங்கிக் கிடந்த என் விரல்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்து ஒவ்வொன்றாக நிமிர்த்தி நீவிவிடுவார். பாசத்தில் செய்வதுதான். ஒருநாள் பிசியோதெரபிஸ்ட் அதைப் பார்த்துப் பதறிவிட்டார். "விரலை நிமிர்த்துறப்ப மணிக்கட்டையும் சேர்த்துப் பின்னால வளைக்காதீங்கம்மா. இவருக்கு அந்த இறுக்கம் வேணும்." எனக்குப் புரியவில்லை. அவர் என் முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன். விரல்கள் தாமாக மடங்கி உள்ளங்கையைத் தொட்டன. மணிக்கட்டைத் தொங்கவிடச் சொன்னார். விரல்கள் திறந்தன. செயலிழந்த விரல்கள்தான். ஆனால் அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி ஓடுகின்றன. மணிக்கட்டு பின்னால் வளையும்போது அவை இழுபட்டு விரலை மடக்கிவிடும். கிணற்றுக் கயிறு மாதிரி. தசைநாண் கொஞ்சம் இறுகியிருந்தால்தான் பிடி கிடைக்கும். அன்பாக நீவி நீவித் தளர்த்திவிட்டால் அதுவும் போச்சு.

அந்தப் பிடியில் அரை டம்ளர் தண்ணீரைத் தூக்க நான்கு மாதம் பழகினேன். எவர்சில்வர் டம்ளர், வெதுவெதுப்பான தண்ணீர். கட்டைவிரலுக்குச் சூடு தெரியும், சுண்டுவிரலுக்குத் தெரியாது. அதனால் காபி என்றால் முதலில் கட்டைவிரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரியம்மாவுக்கு இது ஆச்சரியம். "இத்தனை வருஷமா எனக்கும் இதே நரம்புதானே இருந்திருக்கு" என்று தன் மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கையாவது இருக்கிறதே" என்று நினைப்பது வேறு. இந்த ஒரு இறுக்கம், அதன் பயன், அதைக் காப்பாற்றிக் கொடுத்த ஆள் என்று தெரிந்திருப்பது வேறு. நான் நன்றியுணர்வு என்று சொல்வது இரண்டாவதை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இது வெறும் மனசைத் தேற்றிக்கொள்ளும் வித்தையா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சில ஆய்வுகளை வெளியிட்டார்கள். 'நன்றிக் குறிப்பேடு' என்று இன்று எல்லோரும் பேசுவதற்கு அதுதான் பெரிய காரணம். முதல் இரண்டும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை, நமக்கு அவ்வளவு முக்கியமில்லை. மூன்றாவதில் கலந்துகொண்ட 65 பேரும் நரம்புத் தசை நோய் உள்ளவர்கள். 21 நாள், தினமும் ஒரு படிவம். ஒரு குழு மட்டும் அன்று நன்றியோடு நினைத்தவற்றையும் கூடவே எழுதியது. அந்தக் குழுவினர் மனநிலை மேம்பட்டதாகவும், கூடுதல் நேரம் தூங்கியதாகவும், மற்றவர்களோடு நெருக்கமாக உணர்ந்ததாகவும் சொன்னார்கள். அவர்களுடைய துணைவர்களும் மாற்றத்தைக் கவனித்தார்கள். வலி குறைந்தது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சிறிய ஆய்வு, குறுகிய காலம். அதற்குமேல் அதிலிருந்து எதையும் பிழிய வேண்டாம்.

இன்னொன்று, கடுமையான ஊனம் என்றாலே வாழ்க்கை கசந்துதான் கிடக்கும் என்ற எண்ணம் சரியா என்பது. 1999இல் ஆல்பிரெக்ட், டெவ்லிகர் என்ற இருவர் 153 மாற்றுத்திறனாளிகளிடம் பேசினார்கள். பாதிக்கும் மேல், 54 சதவீதத்தினர், தங்கள் வாழ்க்கைத் தரம் நன்றாக அல்லது மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது முரணாகத் தெரிவதால் 'ஊன முரண்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 2011இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் போகிறது. சுயநினைவு முழுதாக இருந்தும் கண் தவிர ஏறக்குறைய எதுவும் அசையாதவர்கள். கணக்கில் எடுத்துக்கொண்ட 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் 18 பேர் இல்லை என்றும் சொன்னார்கள். அந்த 18 பேரை விட்டுவிட்டு 47 பேரைப் பற்றி மட்டும் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த 18 பேரை வாட்டியவற்றில் வெளியே போகவர முடியாதது, பொழுதுபோக்கு இல்லாதது, பேச்சு மீளாதது எல்லாம் இருந்தன. இவற்றில் பலவற்றுக்கு வண்டியும் கருவியும் ஆளும் கொடுத்து ஏதாவது செய்ய முடியும்.

அப்புறம், மேடைப் பேச்சாளர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று உண்டு. "லாட்டரி வென்றவனும் முதுகெலும்பு முறிந்தவனும் ஒரு வருடத்தில் ஒரே மகிழ்ச்சிக்கு வந்துவிடுவார்கள்." 1978இல் பிரிக்மன் குழுவினர் செய்த ஆய்வைத்தான் இப்படித் திரிக்கிறார்கள். விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர் அதில் இருந்தார்கள். அவர்கள் தங்கள் மகிழ்ச்சிக்கு 5க்கு 2.96 போட்டார்கள். சாதாரண ஆட்கள் போட்டது 3.82. இரண்டும் ஒன்றில்லை. நாம் பயப்படும் அளவுக்குப் பாதாளத்தில் இல்லை என்பதுதான் சரியான வாசிப்பு. கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டு ஆறுதல் சொன்னால் நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

நன்றியும் புகாரும்

அடையாள அட்டை வேலையாக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். முதல் மாடி. சாய்தளம் இல்லை, லிஃப்ட் இல்லை. தம்பி மேலே போய்ப் பேசினான், "ஆளை நேர்ல பாக்கணும்" என்றார்கள். வாசல் டீக்கடை மாஸ்டர் வடைச்சட்டியை அப்படியே அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவரும் தம்பியும் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இருபத்திரண்டு படி தூக்கினார்கள். என் கால் அவர் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தது. என் தசைகள் அப்படித்தான் திடீரென்று துடிக்கும். "விடுங்க தம்பி, வீட்டுல பையன் இதைவிட உதைப்பான்" என்றார்.

அன்று ராத்திரி நன்றிக் கணக்கில் டீ மாஸ்டர் வந்தார். படிக்கட்டு புகார்க் கணக்கில் போனது. ஒன்றை எழுதியதால் இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கனவே கட்டிமுடித்த பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த 5 ஆண்டுகளுக்குள் எல்லோரும் நுழையும்படி மாற்றச் சொல்கிறது. சாய்தளம் சலுகை இல்லை. நாளைக்கே கட்டினால் சந்தோஷப்படுவேன், காலில் விழ மாட்டேன். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு சிரித்தாலும் அது சாய்தளமாக மாறாது என்ற பொருளில் ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் 2014இல் ஒரு மேடையில் பேசினார். எலும்பு எளிதில் முறியும் நோயோடு வீல்சேரில் வாழ்ந்தவர். எங்களை ஊக்கப் பொம்மைகளாக்குவதை விட்டுவிடச் சொன்னவர்.

அதே அதிகாரத்தில் வள்ளுவர் "நன்றல்லது அன்றே மறப்பது நன்று" என்றும் சொல்கிறார். மனிதருக்கு மனிதர் அது சரி. இருபத்திரண்டு படியை அன்றே மறந்தால் அடுத்த வருடமும் அதே நாற்காலிதான். உதவியைத் துல்லியமாகப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் துல்லியமாகவே தெரியும். அதை நன்றிகெட்டத்தனம் என்று சொல்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

திருப்பிச் செய்ய முடியவில்லையே என்ற வருத்தம் பலருக்கு இருக்கும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வுக்கான உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். 'அமர்' என்பது அவருக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயர். மருத்துவருக்கு அவர் எதைத் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்? பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலையை அடுத்தவர்களுக்குச் செய்தார். எல்லோரும் நிறுவனம் ஆரம்பிக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். நான் தம்பி கடையின் கணக்கைப் போனில் பார்க்கிறேன். தண்டுவடம் அடிபட்டுப் புதிதாக வீடு திரும்பியவர்கள் கேட்டால், அந்த விரல் விஷயத்தை வீடியோ காலில் காட்டுகிறேன்.

எப்படி ஆரம்பிப்பது?

ராத்திரி ஒன்றே ஒன்று போதும். யார், என்ன செய்தார், அது எதற்கு ஆனது. 'என் குடும்பத்துக்காக' என்று எழுதினால் மூன்றாவது நாள் அலுத்துவிடும். பெயரும் செயலும் வேண்டும்.

என் பட்டியலில் நான் பெரிதாக நினைக்கிற ஒன்றைச் சொல்கிறேன். உணர்ச்சி இல்லாத தோல் ஒரே இடத்தில் அழுந்தினால் படுக்கைப் புண் வரும், அதனால் ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைத் திருப்பிப் போடுகிறார்கள். பன்னிரண்டுக்கு அம்மா, இரண்டுக்குத் தம்பி, நாலுக்கு அம்மா. திருப்பும்போது குதிகால், வால் எலும்பு, இடுப்பு எல்லாம் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தம்பி டியூப் லைட்டைப் போட மாட்டான். போன் டார்ச்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, விரலிடுக்கில் கசியும் சிவப்பு வெளிச்சத்தில் என் முதுகுப் பக்கம் வந்து, அங்கே போனபிறகுதான் கையை எடுப்பான். என் கண்ணில் வெளிச்சம் படக்கூடாதாம். இதை நான் கவனித்தது ஆறாவது வருடத்தில். ஆறு வருடம், ராத்திரிக்கு ஒருமுறை. ஒருநாள் சொன்னேன்: "டார்ச்சை மூடிக்கிட்டு வர்றியே, எனக்குத் தெரியும்டா." "சரி சரி, தூங்குண்ணே" என்றான். அதற்குமேல் எங்கள் வீட்டில் பேச்சு கிடையாது.

பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றியை எதிர்பார்ப்பது தப்பில்லை, கேட்டு வாங்குவதுதான் கசக்கும். "உனக்காக எவ்வளவு செய்றேன்" என்பது களைப்பில் வாயில் வருவதுதான், அம்மாவும் சொல்லியிருக்கிறார். அப்போது உங்களுக்குத் தேவை என் நன்றி அல்ல, நாலு மணி நேரத் தூக்கமும் மாற்றாள் ஒருவரும்.

ஒன்றுமே தோன்றாத நாட்களும் வரும். சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் ஏறிக் கிடக்கும்போது குறிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மருந்து போதும். ஆனால் வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்துபோனால் அது நன்றி குறைந்ததால் வந்ததில்லை. மனச்சோர்வு ஒரு நோய். சிகிச்சை இருக்கிறது, எனக்கும் ஒரு வருடம் மாத்திரை தேவைப்பட்டது. மருத்துவரிடம் சொல்லுங்கள். அவசரமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எழுத முடியாதவர்கள் போனில் பேசிப் பதியலாம். நானும் அப்படித்தான், குரலைக் கேட்டு அதுவே தட்டச்சு செய்துகொள்ளும். முந்தாநாள் குறிப்பில் "டார்ச்சுக்காகத் தம்பிக்குப் பன்றி" என்று இருக்கிறது. திருத்தாமல் விட்டிருக்கிறேன்.